நடத்தை: எக்ஸம்ப்ளரி

பட்டாளத்திலிருந்து விடுபட்டு வரும் ஜவான் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். டிஸ்சார்ஜ் புக். ஆளின் ஜாதகமே அதில் இருக்கும். நம்பர், ரேங்க், சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, எந்த விதிப்படி விடுபட்டார், மெடிக்கல் கேட்டகரி, வாங்கிய பதக்கம், உடம்பில் எங்கே மச்சம், மனைவி பேர், பிள்ளைகள் பேர். கூடவே நடத்தைக்கு ஒரு வரி. என் புத்தகத்தில் அந்த வரியில் ‘எக்ஸம்ப்ளரி’ என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு தரம் கிடையாது. அந்தப் புத்தகத்தை நான் வைத்திருந்த லட்சணம் தெரிந்தால் வெலிங்டனில் இருக்கிற எங்கள் ரெக்கார்ட் ஆபீஸ் அந்த வரியை அடித்துத் திருத்திவிடும்.

இதில் கூடுதல் கேவலம், நான் பட்டாளத்தில் பார்த்ததே காகித உத்தியோகம்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 24 வருஷம் கிளார்க், ஹவில்தாராக வெளியே வந்தவன். எங்களை அங்கே ‘பாபு’ என்பார்கள். லீவா, அட்வான்ஸா, பிள்ளை பிறந்ததா, எதுவானாலும் “எழுதிக் குடு” என்பேன். அம்மா செத்துப்போன தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவனிடமும் முதலில் அப்ளிகேஷன்தான் கேட்டிருக்கிறேன். கம்பெனியில் அத்தனை பேருடைய ஷீட் ரோலும், அதாவது சர்வீஸ் பதிவும், என் அலமாரியில் அச்சுப் பிசகாமல் அடுக்கியிருக்கும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த கர்னல் ஒருவர் பாராட்டிவிட்டுப் போனார். அந்தத் திமிர் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஊருக்கு வந்ததும் என் புத்தகத்தைக் கறுப்பு டிரங்குப் பெட்டியில் போட்டு, பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர் எழுதிய அதே பெட்டி. உள்ளே ஜெர்சி, மெஸ் டின், ஒரு கை அந்துருண்டை. அந்துருண்டை கரைந்து காணாமல் போனது எனக்குத் தெரியாது, ராமபாணப் பூச்சிக்குத் தெரிந்திருக்கிறது. பல வருஷம் கழித்துத் திறந்தபோது அங்க அடையாளம் எழுதிய பக்கத்தில் ஒரு தேசப்படமே வரைந்து வைத்திருந்தது. இடது புருவத்துக்கு மேல் மச்சம் என்றிருந்த இடத்தில் ‘இடது’ மட்டும் பாக்கி.

பதறிப்போய் ஒரு காரியம் செய்தேன். பதறாமலே இருந்திருக்கலாம். மிச்சமாவது பிழைக்கட்டும் என்று பென்ஷன் ஆணையை, அதாவது பிபிஓவை, பஜாரில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டேன். அலகாபாத்திலிருந்து வந்த அசல். சூட்டில் ரப்பர் ஸ்டாம்ப் மை பரவி, கையெழுத்துப் போட்ட அதிகாரி தண்ணீருக்கடியிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. பின்னால் ஒரு முறை அதில் பதிவு போட வேண்டி வந்தது. சீலைக் கையில் எடுத்த அலுவலர் பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்தார். “சார் பட்டாளத்துல எந்த டிரேடு?” என்றார். டிரைவர் என்று சொல்லிவிட்டேன்.

பெரிய கூத்து ஒரு நவம்பர் மாதத்தில் ஆரம்பித்தது. பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கொரு முறை உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் நவம்பரில் பேங்க்குக்குப் போய் மேனேஜர் எதிரே ஒரு கையெழுத்துப் போட்டால் நாம் உயிரோடு இருக்கிறோம். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தபின் கைரேகை வைத்தால் போதும் என்றானது. இப்போது பாதுகாப்புத் துறை பென்ஷனெல்லாம் ‘ஸ்பர்ஷ்’ என்கிற இணையதளத்துக்குப் போய்விட்டது. நான் தெருவில் இருக்கிற முன்னாள்கள் எல்லோருக்கும் “நவம்பர், மறந்துடாதீங்க” என்று அக்டோபரிலேயே சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லிச் சொல்லி, நானே கொடுத்துவிட்டதாக ஒரு நினைப்பு. பென்ஷன் வராமல் நின்றபோதுதான் அரசாங்கக் கணக்கில் நான் காலமாகிவிட்டது தெரிந்தது.

இ-சேவை மையத்துக்கு ஓடினேன். டைப் அடித்துத் தேய்ந்த விரல், ரேகை விழவில்லை. “முகத்தைக் காட்டுங்க தாத்தா, கண்ணைச் சிமிட்டுங்க” என்றாள் அங்கிருந்த பெண். அட்டென்ஷனில் நின்றால் ஈ உட்கார்ந்தாலும் இமைக்கக் கூடாது என்று பழக்கப்பட்ட முகம். கேமரா முன்னால் விறைத்துக்கொண்டது. ஸ்பர்ஷ் பாஸ்வேர்டும் நினைவில்லை. ஓடிபி எந்த நம்பருக்குப் போகிறது என்று பார்த்தால், என் மகன் காலேஜ் படிக்கும்போது வைத்திருந்து தூக்கியெறிந்த சிம்முக்குப் போகிறது. அதையெல்லாம் தாண்டி ஒருவழியாக உள்ளே நுழைந்தோம். அந்தப் பெண் என் குடும்ப விவரம் இருக்கும் பக்கத்தைத் திறந்து, கூட்டம் மொத்தத்துக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

“பாப்பா யாரு தாத்தா?”

என் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அவள் பெயர் தமிழரசி. ஆதாரில், ரேஷன் கார்டில், பேங்க் பாஸ்புக்கில் எல்லாம் தமிழரசி. வீட்டுக்குக் கடைசிப் பெண் என்பதால் அவள் அம்மா வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் எனக்கும் அதுவே வாயில் வந்தது. லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பியதும் கல்யாணத்துக்கு பார்ட் டூ ஆர்டர் போட வேண்டும். அதுதான் பட்டாளக் கணக்கில் ஒருத்தி நமக்கு மனைவி என்பதற்கு ஆதாரம். பிற்பாடு டிஸ்சார்ஜ் புக்குக்கும் பிபிஓவுக்கும் அந்தப் பெயர்தான் போகும். நான் கண்ணை மூடினால் அவளுக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியமும் அந்தப் பெயருக்குத்தான் வரும். இத்தனையும் தெரிந்த ஒரே ஆசாமி அந்த ஆபீஸில் நான். ரெமிங்டன் மெஷினில் காகிதத்தைச் சுருட்டி, புது மாப்பிள்ளை மயக்கத்தில் ‘ஸ்ரீமதி பாப்பா’ என்று அடித்தேன். அடித்தவன் நான், சரிபார்த்தவன் நான், கையெழுத்துக்கு நீட்டியவனும் நான். கேப்டன் பார்க்காமலே போட்டார். பாபு நீட்டுகிற காகிதத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்?

“அப்ப நான் யாருங்க?” என்று வீடு வரும்வரை அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சிரித்துக்கொண்டு கேட்டாள்.

திருத்துவதற்குப் பழைய ஆர்டர் நகல்கள் கையில் இருந்தால் பாதி வேலை குறையும். அவை எங்கே போயின என்பது இன்னொரு மானக்கேடு. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற நாள் அது. சில வருஷமாக அதைக் கொண்டாடுகிறார்கள். டெல்லிக்காரர்களுக்கு அது வெறும் ஜனவரி 14. நமக்கோ பொங்கல் 15-ஆம் தேதி விழுகிற வருஷமெல்லாம் அன்றைக்குப் போகி. பழையதைக் கொளுத்தும் நாளில் பழைய சிப்பாய்களுக்கு மாலை போடுகிற தேசம் நம்முடையது. அப்படி ஒரு வருஷம் விழாவுக்கு அழைப்பு வந்தது. வீட்டில் வெள்ளையடிக்கிற வேலை இருக்கிறது என்று பொய் சொல்லித் தட்டிக் கழித்தேன். சும்மா இருந்த கை பரணை ஒழித்தது. பழுப்பு உறை ஒன்று, மேலே ஒன்றும் எழுதவில்லை, கறையான் வாசனை. பிரித்துக்கூடப் பார்க்காமல் விடியற்காலை நெருப்பில் போட்டேன். பார்ட் டூ ஆர்டர் நகல்கள், இசிஹெச்எஸ் மருத்துவத் திட்டத்துக்குப் பணம் கட்டிய ரசீது, இன்னும் என்னென்னவோ. விழாவுக்குப் போயிருந்தால் ஒரு சால்வையோடு அந்த உறையும் மிஞ்சியிருக்கும்.

எனக்கு ஆறுதல் சொல்ல அமெரிக்காவில் ஒரு பெரும் போகி நடந்திருக்கிறது. 1973 ஜூலை 12, செயின்ட் லூயிஸ் நகரத்தை ஒட்டி, படைவீரர் ஆவணங்களை வைத்திருந்த கட்டிடத்தில் தீப்பிடித்தது. 160 லட்சம் முதல் 180 லட்சம் கோப்புகள் போயின. நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது. 1912-க்கும் 1960-க்கும் இடையில் அந்த நாட்டுத் தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களுடைய கோப்புகளில் சுமார் 80 சதவீதம். அப்புறம் ஒவ்வொரு கிழவரும் தான் போருக்குப் போனதைக் கையிலிருந்த ஒற்றைக் காகிதத்தை வைத்து நிரூபிக்க வேண்டியதாயிற்று. அங்கே விடுவிப்புச் சான்றுக்கு டிடி 214 என்று பெயர். அதைப் பல ஊர்களில் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்திலேயே பதிந்துவைத்துக்கொள்ளலாம். அங்கே சர்க்கார் கட்டிடம் எரிந்தது, இங்கே நானே விறகு அடுக்கினேன். இதை ஆறுதல் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அந்த நோக்கில் பார்க்கவில்லை.

பெயர் திருத்தத்துக்கு அபிடவிட், ஆதார் நகல், கூட்டுப் புகைப்படம், பத்திரிகை விளம்பரம் என்று அலைந்தேன். ‘பாப்பா என்கிற தமிழரசி’ என்று பேப்பரில் வந்த அன்று காலையிலேயே மச்சான் போன் செய்துவிட்டார். “மாமா, எங்க பாப்பாவைப் பேப்பர்ல போட்டிருக்கீங்க, எதுனா விசேஷமா?” ஊர் பூரா சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆனது. வெலிங்டனுக்குப் போன முதல் கட்டு, முன்னாள் ஹவில்தார் கிளார்க் கைப்படத் தயாரித்தது, குறை சொல்லித் திரும்பி வந்தது. இணைப்பு ஒன்றில் கையெழுத்துப் போட மறந்திருந்தேன்.

வேறு வழியில்லாமல்தான் முன்னாள் படைவீரர் சங்கத்துப் பக்கம் போனேன். அதுவரை அவர்களைக் கண்டால் எதிர்ச் சந்தில் நுழைந்துவிடுவேன். அங்கே போனால் பழங்கதை, பென்ஷன் புலம்பல், கேன்டீன் கோட்டாவைப் பற்றிய பேச்சு, டீ, மிக்சர் என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மைக் காரணம் வேறு. எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரன் என்றால் ஒரு மரியாதை உண்டு. கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு பட்டாளம். வேலூர் மணிக்கூண்டில் முதல் உலகப் போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் திரும்பவில்லை என்று கல்லே வைத்திருக்கிறார்கள். (நாமினல் ரோல் எங்கே, ஒரு பெயர்கூட இல்லையே என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கிளார்க் புத்தி கேட்கும்.) இப்படிப்பட்ட ஊரில் நான் டைப் அடித்தேன் என்று எப்படிச் சொல்வது? சியாச்சினில் இருந்தேன் என்று சொல்லி வைத்திருந்தேன். பட்டாலியன் சியாச்சின் போனது நிஜம். நான் பர்தாபூரில், கீழே, பனிமலைப் படிக்காசு பில் போட்டுக்கொண்டிருந்தேன். சங்கத்துக்குப் போனால் மேலே நிஜமாகவே இருந்தவன் எவனாவது உட்கார்ந்திருப்பான் என்ற பயம்தான்.

பயந்தபடியே இருந்தான். கொடி நாளுக்கு, அதாவது டிசம்பர் 7-க்கு, பள்ளிக்கூடத்தில் பேச எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே அனுப்பினார்கள். அந்த நாயக், கால்விரல் இரண்டை அங்கே விட்டுவிட்டு வந்தவர், பேசவே மாட்டேன் என்றுவிட்டார். மைக் எனக்கு வந்தது. மைனஸ் 40 டிகிரி, பனிச்சரிவு என்று நான் அளக்க அளக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “சார், அவ்ளோ குளிர்ல பேனா எழுதுமா?” என்று கேட்டான். “எழுதாது, பால் பாயின்ட்டே உறைஞ்சுடும். மேலேருந்து வர்ற சீட்டெல்லாம் பென்சில்லதான் எழுதியிருக்கும்” என்றேன். அன்றைக்கு நான் சொன்னதில் கண்ணால் பார்த்துச் சொன்னது அது ஒன்றுதான். திரும்பி வரும்போது நாயக் கேட்டார்: “பாபு தானே நீங்க?” ஆமாம் என்றேன். “என் அலவன்ஸ் மூணு மாசம் லேட்டா வந்துச்சு” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. பெயர் திருத்தத்துக்கு எந்தப் படிவம், எந்த வரிசை என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்தில் படிவம் எழுதுகிற மேசை என்னுடையது. சுபேதார்கள் முன்வரிசை நாற்காலிக்குச் சண்டை போடட்டும், எனக்கு மூலை போதும். டிஸ்சார்ஜ் புக்கைத் தொலைத்தவர்கள் வருவார்கள். போலீஸில் தொலைந்ததற்குச் சான்று வாங்கி, அபிடவிட் இணைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும் என்று சொல்வேன். வருகிறவர்களை முதலில் திட்டலாம் என்று வாய் திறப்பேன், என் பிபிஓ ஞாபகம் வந்து மூடிக்கொள்வேன்.

ஒரு பாட்டி வந்தார். வீட்டுக்காரர் சிப்பாயாக விடுபட்டவர், இறந்து சில மாதம். கைநாட்டு. மஞ்சள் பையிலிருந்து ஹார்லிக்ஸ் டின் ஒன்றை எடுத்தார். உள்ளே துணி சுற்றி டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, பேங்க் பாஸ்புக், கூடவே நாலு துண்டு வசம்பு. புத்தகம் நேற்று வாங்கியது போல் இருந்தது. மச்சம் மச்சமாக இருந்தது. அவர் பெயரும் ஆதாரில் இருக்கிறபடியே இருந்தது. “அவுரு எழுதச் சொல்லி வாங்குனாரு சாமி, ஆபீஸ்ல கிளார்க்கு ரெண்டு தபா கேட்டு எழுதுனாராம்” என்றார். யார் அந்த கிளார்க் என்று தெரியவில்லை. நான் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதை வீட்டில் போய்ச் சொன்னது தப்பாகிவிட்டது. மறுநாளே தமிழரசி நாட்டு மருந்துக் கடையிலிருந்து வசம்பு வாங்கி வந்து, டிஸ்சார்ஜ் புக், மை பரவிய பிபிஓ, திருத்தி வந்த ஆணை எல்லாவற்றையும் ஒரு டின்னில் போட்டுத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். டின் எங்கே இருக்கிறது என்று மகனுக்குத் தெரியும், மருமகளுக்கும் தெரியும். போன வாரம் இசிஹெச்எஸ் கார்டு விஷயமாக அந்தப் புத்தகத்தைக் கேட்டேன்.

“எதுக்கு வேணும்னு எழுதிக் குடுங்க, பாக்கலாம்” என்றாள்.