குத்தவாளி மேசை மேல இருக்குது கண்ணு

வா கண்ணு, வந்து உக்காரு. மூஞ்சி ஏன் இப்பிடி வாடிக் கெடக்குது, மறுக்காவும் பிளேன் விழுந்துருச்சாக்கும்? நேத்துப் பொழுதோட நீ உள்ளார கத்துன கத்துல வாசல்ல நின்ன எருமை பாலை அடக்கிக்கிச்சு. ஆட்டோபைலட் சரியில்லை, கேமை எழுதுனவனுக்கு வேலை தெரியலை, கம்ப்யூட்டரு பழசு. ஊர்ல இருக்கற எல்லாரு மேலயும் குத்தம் சொல்லியாச்சு. ஒருத்தனை மட்டும் உட்டுட்டே. அது யாருன்னு நான் சொல்லமாட்டேன், கண்ணாடில போய்ப் பாத்துக்க.

நான் ஸ்பேனர் புடிச்ச காலத்துலயும் இதே கூத்துதான். எறங்கி வர்ற பைலட்டு மெஷினைத்தான் திட்டுவாரு. "ஆமாங்க சார், மோசமான மெஷினுங்க"ன்னு தலையாட்டிட்டு, அவரு டீக்குப் போன பொறகு சுவிட்சு எந்தப் பக்கம் கெடக்குதுன்னு பாப்போம். பெரும்பாலும் அதோட வேலை முடிஞ்சிரும்.

சேரி, உன்ற 737-க்கு வருவோம். ஆட்டோபைலட்டோட சி.எம்.டி. பொத்தானை அமுக்குனா நிக்கமாட்டேங்குதுங்கறே. நெசமான 737-லயும் யோக்கை அழுத்திப் புடிச்சுட்டே அமுக்குனா அது எரியாது. எரிஞ்ச பொறகு நீ பலமா இழுத்தா, சி.டபிள்யூ.எஸ்.னு ஒரு படி கீழ எறங்கி, "நீயே திருப்பிக்க, நீ உட்ட எடத்துல நான் புடிச்சு நிக்கறேன்"னு ஒதுங்கிக்கும். புது மாப்பிள்ளையாட்ட கண்ணு அது. வேலையை ஒப்படைச்சுட்டுக் கையைப் புடிச்சு இழுத்தீன்னா, எந்திரிச்சுப் போயிரும்.

"நான் தொடவேயில்லீங் அப்பாரு"ங்கறே. நீ தொடலை சாமி, உன்ற ஜாய்ஸ்டிக் தொட்டுட்டே இருக்குது. கன்ட்ரோல் செட்டிங்குல சென்சிட்டிவிட்டி பக்கத்தைத் தொற. ரெண்டு கையையும் மடியில வெச்சுக்க. இப்ப அந்தப் புள்ளியை மட்டும் பாரு. நட்ட நடுவுல அசையாம நிக்கோணும். உன்றது இடதுபக்கம் ஒரு இழுப்பு, அப்பறம் ஒரு நடுக்கம், மறுக்கா ஒரு இழுப்பு. அந்தக் குச்சிக்குக் கீழ பொட்டென்ஷியோமீட்டர்னு ஒண்ணு இருக்குது. உள்ளார கரித்தடம், அது மேல ஒரு தகடு உரசிட்டே போகும். நாள்பட்டா தடம் தேஞ்சு, தூசி சேந்து, யாரும் தொடாமயே சிக்னல் அனுப்பும். ரப்பர் உறைக்குள்ள மிச்சர் தூளைப் பாத்தேன், அது யாரு வேலைன்னு கேக்கலை. சின்ன ஆட்டத்தைக் கண்டுக்காம உடற டெட்சோனை அஞ்சு சதவீதத்துல வெச்சுப் பாரு. அப்பவும் ஆடுச்சுன்னா கொஞ்சங் கொஞ்சமா ஏத்து. கண்டபடி ஏத்திப்போட்டு, லேண்டிங்குல ஸ்டிக் மரத்துப் போச்சுன்னு என்கிட்ட வரப்படாது.

அப்பறம், கட்டில் மேல ஒரு கேம்பேட் கெடக்குதே, அதோட ஒயரும் கம்ப்யூட்டர்லதானே சொருகியிருக்குது? மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எதைச் சொருகுனாலும் அதுக்குன்னு ஒரு செட்டிங்கை வாரி வழங்கிரும். மூக்கை ஏத்தி எறக்கற ஒரே எலிவேட்டருக்கு ரெண்டு எசமானன். உன்ற தங்கச்சி தலகாணியைத் தூக்கிப் போட்டா பிளேன் மூக்கைத் தொங்கப் போடுது. நீ காத்து சரியில்லைங்கறே.

பெரிய கெரகம் இதில்லை. நீ மேல இருக்கற வரியைப் படிக்கறதே இல்லை. எதுக்க இருக்கற திரையோட உச்சியில பச்சையா மூணு நாலு எழுத்து எரியுதே, எஃப்.எம்.ஏ., அதுதான் ஆட்டோபைலட்டோட வாய். இப்ப என்ன பண்ணிட்டு இருக்கறேன்னு அங்கதான் அது சொல்லும். பொத்தானை அமுக்குனது நீ. ஏத்துக்கிச்சா இல்லையான்னு சொல்றது அந்த வரி. முந்தாநேத்து ஏத்த எறக்கத்தைப் பாத்துக்கற வினாவ்ல போட்டுட்டு, தானா எறங்கும்னு காலை ஆட்டிட்டு உக்காந்திருந்தே. எறங்கோணும்னா ஆட்டோபைலட் பொத்தானுக இருக்கற எம்.சி.பி. பலகையில உயரத்தைக் கொறைச்சு வெக்கோணும். 36,000-ன்னு பூட்டி வெச்சிருந்தா அது எதை நம்பி எறங்கும்? ரீசெட் எம்.சி.பி. ஆல்ட்னு எழுதிக் காட்டுச்சு. நீ போன்ல ரீல்ஸ் பாத்துட்டு இருந்தே.

சிரிக்காதே, இதுல சிரிப்பு இல்லாத எடமும் உண்டு. 1992 ஜனவரி 20, பிரான்சு தேசம். லியோன்ல இருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு ராத்திரியில வந்த ஏர் இன்டர் ஏ320 மலையில மோதுச்சு. 96 பேருல 87 பேரு போயிட்டாங்க. எறங்கற கோணம் 3.3 டிகிரின்னு வெக்கப் போய், பலகை வெர்டிகல் ஸ்பீடு மோடுல இருந்ததால நிமிசத்துக்கு 3,300 அடின்னு அது எடுத்துக்கிட்டிருக்கும்ங்கறதுதான் விசாரிச்சவங்க ரொம்ப நம்புன காரணம். நிமிசத்துக்கு 800 அடி சொச்சம் எறங்க வேண்டிய எடம் அது. ஒரே குமிழு, ரெண்டு அர்த்தம். அதுக்குப் பொறகுதான் வெர்டிகல் ஸ்பீடை நாலு இலக்கமா காட்டற மாதிரி மாத்துனாங்க. உனக்கு ரீஸ்டார்ட் பொத்தான் இருக்குது, அவுங்களுக்கு இல்லை.

ரன்வேக்கு வழி காட்டற ஐ.எல்.எஸ். சிக்னலைப் புடிக்கமாட்டேங்குதுன்னியே. அது காட்டற சரிவு 3 டிகிரி, மைலுக்கு 300 அடி சொச்சம். ரன்வேக்கு 10 மைல்ல இருந்தா தரைக்கு மேல 3,000 அடி பக்கம் இருக்கோணும். நீ 6,000-ல நின்னுட்டு, அதைப் புடிக்கச் சொல்ற ஏ.பி.பி. பொத்தானை அமுக்குறே. பக்கவாட்டு வழியை அது புடிச்சுக்கும், சரிவு உனக்குக் கீழ ஓடிட்டு இருக்கும். கீழ இருந்து போய்ப் புடிக்கற சோலி அது. மேல இருக்கறப்பவே கணக்குப் போடு: எறங்க வேண்டிய உயரம் எத்தனை ஆயிரம் அடியோ, அதை மூணால பெருக்கு, அத்தனை மைலுக்கு முன்னாலயே எறங்கத் தொடங்கோணும். 36,000-த்துக்கு 108 மைல், வேகத்தைக் கொறைக்க இன்னும் ஒரு பத்து.

கேமை நாலு மடங்கு வேகத்துல ஓட்டிட்டு மூக்கு ஏறி எறங்கி ஆடுதுன்னா, அதுக்குப் பேரு பழுதில்லை, அவசரம். ஒரு மடங்குக்கு வா, அடங்கும். ஏறமாட்டேங்குதா, ஸ்பீடுபிரேக் பாதி தூக்கியிருக்குதான்னு பாரு. அந்த ஆக்சிஸ் தலைகீழா செட் ஆகியிருக்கும்.

ஒரு ரகசியம் சொல்றேன், காதைக் குடு. நெசமான 737-ல ஆட்டோத்ராட்டில் ஓடறப்ப லீவரும் கூடவே நகரும். உன்ற மேசை மேல இருக்கற பிளாஸ்டிக் லீவருக்கு மோட்டார் இல்லை. போட்ட எடத்துலயே ஐடில்ல தூங்கும். 500 அடியில ஆட்டோத்ராட்டிலை அத்து உட்டதும் இஞ்சின் அந்த லீவரு சொல்றதைக் கேட்டு அடங்கிப் போகுது. உடனே "ஹேண்ட்லிங் மோசம்"னு ஒரு கூப்பாடு. அத்து உடறதுக்கு முன்னால லீவரைப் பாதிக்குக் கொண்டாந்து வெய்யி. இவ்வளவுதான்.

புது கம்ப்யூட்டரு வேணும்னு உங்கொப்பன்கிட்ட மனுப் போட்டிருக்கறயாமே? என்கிட்ட சிபாரிசுக்கு வராதே. மொதல்ல கேம்பேடைப் புடுங்கு, மிச்சர் தூளைத் தட்டு, டெட்சோனை வெய்யி. இது எதுக்கும் காசில்லை. அப்பவும் புள்ளி ஆடுச்சுன்னா, காந்தத்துல வேலை செய்யற ஹால் சென்சார் ஜாய்ஸ்டிக் ஒண்ணு வாங்கிக் குடுக்கச் சொல்றேன். அதுல உரசித் தேய ஒண்ணுமில்லை.