மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
மத்தியத் தேர்தல் குழு,
இந்திய தேசிய காங்கிரஸ்,
இந்திரா பவன், கோட்லா ரோடு, புது டெல்லி.

பொருள்: அடுத்த டெல்லி சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்பாளர்களைப் பொறுக்குவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய மேலிடத்தாருக்கு,

ஜங்புரா தொகுதியில் ஓட்டு வைத்திருக்கும் தமிழன் எழுதுகிறேன். முதலில் பாராட்டிவிடுகிறேன். ஷீலா தீட்சித் 15 ஆண்டுகள் ஆண்ட ஊரில் 2015, 2020, 2025 என்று மூன்று தேர்தல்களிலும் ஓர் இடம்கூடக் கிடைக்காமல் பார்த்துக்கொண்டீர்கள். ஒரு முறை தோற்க எதிர்ப்பலை போதும். மூன்று முறை தோற்க உழைப்பு வேண்டும். போன முறை 70 பேரை நிறுத்தினீர்கள், 67 பேருக்கு டெபாசிட் போனது. மீதி மூன்று பேர் எப்படித் தப்பினார்கள் என்று இந்நேரம் விளக்கம் கேட்டிருப்பீர்கள்.

உங்கள் தேர்வு முறையில் நான் குறை காண மாட்டேன். விண்ணப்பம் மாநிலக் கமிட்டிக்குப் போகிறது, அங்கிருந்து ஸ்கிரீனிங் கமிட்டிக்கு, அப்புறம் உங்களிடம். எல்லாப் படியிலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இவர் யாருடைய ஆள்? தொகுதிக்காரர்களின் ஆள் என்று பதில் சொன்னவர் முதல் படியிலேயே நின்றுவிடுவார். 2014 மக்களவைத் தேர்தலில் ராகுல் காந்தி சில தொகுதிகளில் கட்சிக்காரர்களையே ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அந்த விபரீதம் நல்லவேளையாக வேர்விடவில்லை.

டெல்லியில் நீங்கள் கடைசியாகச் சரியாகப் பட்டியல் போட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். 2009 ஏப்ரல் 7. அக்பர் ரோடு அலுவலகத்தில் நம் சிவகங்கைச் சீமைக்காரர், அப்போதைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். 1984 சீக்கியர் படுகொலை வழக்கில் உங்கள் வேட்பாளர் ஜக்தீஷ் டைட்லருக்கு சி.பி.ஐ. நற்சான்று கொடுத்தது பற்றிக் கேட்டார் நிருபர் ஜர்னைல் சிங். பதில் திருப்தியில்லை. ஷூ பறந்தது. அமைச்சர் மேல் படவில்லை, பட்டியல் மேல் பட்டது. கால் நூற்றாண்டாக விதவைகள் அழுதும் கேட்காத காதுக்கு அது கேட்டது. இரண்டு நாளில் டைட்லருக்கும், அதே படுகொலையில் குற்றம்சாட்டப்பட்ட இன்னொரு வேட்பாளர் சஜ்ஜன் குமாருக்கும் சீட் இல்லை என்றாகிவிட்டது. அந்தத் தேர்தலில் டெல்லியின் ஏழு மக்களவைத் தொகுதிகளும் உங்களுக்கே. (சஜ்ஜன் குமாரின் இடத்தை அவர் தம்பிக்கே கொடுத்தீர்கள். பழக்கதோஷம், விடுங்கள்.) மறுபடி யாரும் ஷூ எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெளியாள் ஒருவரை அறைக்குள் விட்டுப் பாருங்கள் என்கிறேன், செருப்பை வாசலில் கழற்ற வைத்தாவது.

மற்றவர்களைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளவும் வழியில்லை. 2017 மாநகராட்சித் தேர்தலில் பா.ஜ.க. தன் கவுன்சிலர்கள் அத்தனை பேருக்கும் சீட் மறுத்துப் புதுமுகங்களை இறக்கியது. 270 வார்டுகளில் 181 கிடைத்தது. நீங்கள் அதைச் செய்ய முடியாது. கழற்றிவிட சட்டமன்றத்தில் ஒருவராவது இருக்க வேண்டுமே! அதே பா.ஜ.க.தான் 2015-இல் கிரண் பேடியைச் சேர்த்துக்கொண்ட சில நாட்களிலேயே முதல்வர் வேட்பாளர் என்றது. கட்சியின் கோட்டையான கிருஷ்ணா நகரிலேயே அவர் தோற்றார். கட்சிக்கு மிஞ்சியது 3 இடம்.

குற்ற வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்துகிறோம் என்று கட்சிகள் காரணம் வெளியிட வேண்டும், ஜெயிப்பார் என்பது மட்டும் காரணமாகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாக் கட்சிக்கும் அதில் சங்கடம்தான். டெல்லியில் உங்களுக்கு மட்டும் கவலை வேண்டாம். ஜெயிப்பார் என்பதற்காக நிறுத்தினீர்கள் என்று உங்கள் மேல் யாராலும் குற்றம் சாட்ட முடியாது.

இனி என் தொகுதி. 2025-இல் ஆம் ஆத்மி, பட்பட்கஞ்சில் நின்றுகொண்டிருந்த மணீஷ் சிசோடியாவை ஜங்புராவுக்கு நகர்த்தியது. பா.ஜ.க. நிறுத்திய தர்விந்தர் சிங் மர்வா, இதே ஜங்புராவில் மூன்று முறை உங்கள் எம்.எல்.ஏ.வாக இருந்து, 2022-இல் கட்சி மாறியவர். சிசோடியாவை 675 ஓட்டில் வென்றார். உங்கள் சார்பில் நின்ற முன்னாள் மேயர் ஃபர்ஹாத் சூரிக்கு ஏழாயிரத்துச் சொச்சம். கணக்குப் பார்த்தால் ஜங்புராவில் ஜெயித்தது நீங்கள் வளர்த்த ஆள்தான், சின்னம் மட்டும் வேறு. பூஜ்யம் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

ஒரே ஒரு யோசனை. அடுத்த நேர்காணலில், ஜங்புராவுக்கு சீட் கேட்டு வருகிறவரிடம் ‘யார் ஆள்’ என்பதற்கு முன்னால், மதராசி கேம்ப் எங்கே இருந்தது என்று கேளுங்கள். பாராபுல்லா கால்வாய் ஓரத்தில் பல்லாண்டாகத் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதி அது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு பெறத் தகுதி என்றார்கள், அதுவும் நகரத்தின் வடகோடியில், நரேலாவில். 675 ஓட்டில் ஜெயிக்கிற தொகுதியில் இத்தனை குடும்பம் என்றால் என்ன கணக்கு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆகவே ஜங்புராவுக்கு வழக்கம்போல் யாரை வேண்டுமானாலும் போடுங்கள். நரேலாவுக்கு மட்டும் கொஞ்சம் தமிழ் தெரிந்தவராகப் பார்க்கவும்.

இப்படிக்கு,
தங்கள் பட்டியலுக்காகக் காத்திருக்கும்
ஜங்புரா வாக்காளர்