மேல்மூட்டை டாக்டரும் அடிமூட்டைச் சேதியும்

ஒன் வேலை என்னன்னு ஊருக்குள்ள கேக்குறாக பேராண்டி. எனக்குச் சொல்லத் தெரியலை. மருந்துக் கம்பெனியில இருக்கான்னேன். "ரெப்பா?"ன்னாக. நானும் தலையாட்டிட்டேன். அதுக்கு என்னா கோவம் ஒனக்கு! "ரெப் இல்ல தாத்தா, மெடிக்கல் அஃபேர்ஸ்!" சரிப்பா, இருந்துட்டுப் போகட்டும். சூலக்கரை மேட்டுல பஸ்ஸுக்கு நிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் பை மாட்டியிருக்கீக. ரெண்டு பேரும் வெயில்ல ஷூ போட்டிருக்கீக. ரெண்டு பேரும் டாக்டர் ரூம் வாசல்ல காத்துக் கெடக்கீக.

வித்தியாசம் எனக்குத் தெரியாமலா? ரெப்பு மருந்தை விக்கணும். நீ விக்கப்படாது. டாக்டருக கிட்ட மருந்து விஞ்ஞானம் பேசணும். அவுக என்ன சொல்றாகன்னு காது குடுத்துக் கேட்டு, கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சேக்கணும். 1967-ல அமெரிக்காவுல அப்ஜான்னு ஒரு கம்பெனிதான் இந்த உத்தியோகத்தை மொதமொத உண்டாக்குச்சாம். அந்த வருசம் நான் விருதுநகர் மண்டியில கணக்கு எழுதிக்கிட்டிருந்தேன்.

ரெப்புமாரு சேதி தனி. டாக்டருகளுக்குக் குடுக்குற காலண்டர், டைரி ஆயிரம் ரூவாக்கு மேல போகப்படாதுன்னு 2024 மார்ச்சுல சர்க்கார் விதி போட்டுச்சு. நல்லவேளை, காலண்டரே கூடாதுன்னு சொல்லலை. சிவகாசி அச்சாபீசுக்காரக சாமிக்குத் தேங்காய் ஒடைச்சிருப்பாக.

ஒன் சோலிக்கு வருவோம். டாக்டருக சொல்ற சேதிக்கு "இன்சைட்"னு பேராம்; மாசத்துக்கு இத்தனை ஏத்தணும்னு ஒங்க மேலிடத்து உத்தரவாமே? எண்ணிக்கை கொறைஞ்சா சம்பள உயர்வுல கை வைப்பாகளாமே? அப்படித்தான் மாசக் கடைசி ராத்திரி, மொட்டைமாடியில சிக்னல் கெடைக்கிற மூலையாத் தேடி உக்காந்து தட்டிக்கிட்டிருந்த. நான் பைய எட்டிப் பாத்தேன். "நோயாளிகள் மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொள்வதில்லை என மருத்துவர் கருதுகிறார்." அடேயப்பா! இதைக் கண்டுபிடிக்க மதுரையில இருந்து ஏசி காரு வரணுமா? ஒங்க பாட்டி டப்பாவைத் தெறந்து பாத்தாப் போதாதா? தீவாளிக்கு வாங்குன பிரஷர் மாத்திரை பொங்கலுக்கும் மிச்சம் கெடக்கு.

ஏன் எடுத்துக்கலைன்னு கேட்டியா? கேக்கலை. கேட்டா இன்னும் ரெண்டு நிமிசம் ஆகும். வர்ற பதிலு ஒன் டேப்லெட்டுக் கட்டத்துக்குள்ள அடங்காது.

அப்புறம் நடக்குறது இன்னும் கூத்து. நீ ஏத்துனது, கோயமுத்தூர்க்காரன் ஏத்துனது, அசலூர்க்காரன் ஏத்துனது எல்லாத்தையும் ஏ.ஐ.க்குள்ள கொட்டி அரைக்கிறாக. அரைச்சு முடிச்சா பெரிய எழுத்துல ஒத்தை வார்த்தை வந்து விழுகுது: "விழிப்புணர்வு". மகாபலிபுரத்துல ஓட்டல் புடிச்சு, கழுத்துல அட்டை மாட்டி, அந்த வார்த்தையைத் திரையில பாத்துக் கை தட்டிட்டு, பிரியாணி தின்னுட்டு வாரீக. பிரியாணி நல்லாருந்துச்சா?

பேப்பர்ல விருதுநகர் மார்க்கெட் நிலவரம்னு போடுவாக, பாத்திருப்ப. அந்த ஒத்தை வரி வெலைக்குப் பின்னால எத்தனை கண்ணு, எத்தனை காதுன்னு ஒனக்குத் தெரியுமா? வத்தல் தரகரு கமுதி, சாயல்குடிப் பக்கம் ஒரு நடை போயிட்டு வருவாரு. வெலையைப் பத்தி வாயே தெறக்க மாட்டாரு. செடியில பூ நிக்கிதா, கொட்டுதா, மழை எங்கிட்டு எறங்குச்சுன்னு பாத்துட்டு, டீயைக் குடிச்சுட்டு வந்துருவாரு. மண்டியில மல்லியும் உளுந்தும் வந்து எறங்குனா மூட்டையில குத்தூசி போட்டு உருவிப் பாப்பாக. மேல்மூட்டையில மட்டும் குத்துனா அவன் ஏவாரியே இல்ல. நடுமூட்டையில குத்தணும். அடியில கெடக்குறதையும் இழுத்துப் போட்டுக் குத்தணும். ஏன்னு கேளு. அடுக்குனவனுக்குத் தெரியும்ல, எதை மேல வைக்கணும்னு!

ஒங்க கம்பெனிக் குத்தூசி எங்க குத்துது? சென்னையில நாலு பெரிய டாக்டரு, மதுரையில ரெண்டு பேரு. "கேஓஎல்"னு பேரு வச்சிருக்கீக. எந்த மேடையைப் பாத்தாலும் அவுகதான். அவுகளைக் கொறை சொல்ல நான் யாரு? பெரிய படிப்பு, கைராசிக்காரக. ஆனா அவுக நெனைக்கிறதைத்தான் பத்திரிகையில எழுதிட்டாக, மாநாட்டுல பேசிட்டாக. எழுதி வச்சதைத் திருப்பிக் கேட்டு வர ஒனக்கு எதுக்குச் சம்பளம்?

நீ போன தடவை விட்டுட்டுப் போன தாளையெல்லாம் வாத்தியார் மகளை வாசிச்சுச் சொல்லச் சொன்னேன். முழிக்காத. அதுல நம்ம மதுரை அரவிந்த் ஆசுபத்திரிச் சேதி இருந்துச்சு. அதை நடத்துன டாக்டர் வெங்கடசாமி எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரம். கரிசக்காட்டு ஆளு. சர்க்கார் உத்தியோகத்துல ரிட்டையர் ஆயிட்டு 1976-ல பதினோரு படுக்கை போட்டு ஆரம்பிச்சாரு. ஊர் ஊராக் கண் முகாம் நடத்துனாக. புரை வந்தவுகளை ஆபரேசனுக்கு வாங்க, காசு வேண்டாம்னாக. ரொம்பப் பேரு வரலை. ஓசியில கண்ணு தாரேன்னாலும் வரலை!

ஒங்க ஆபீசா இருந்தா என்ன எழுதியிருப்பீக? "விழிப்புணர்வு இல்லை." அத்தோட கோப்பைக் கட்டியிருப்பீக. ஆனா ஆசுபத்திரிக்காரக வராதவுக வீட்டைத் தேடிப் போய்க் கேட்டாக. ஒருத்தருக்கு பஸ் காசு இல்ல. ஒருத்தருக்கு மதுரையில யாரு சோறு போடுவான்னு கவலை. ஒரு பாட்டிக்குத் தொணைக்கு வர ஆளில்ல. இன்னொருத்தருக்கு வீட்டைப் பாத்துக்க ஆளில்ல. கத்தி வச்சா உள்ளதும் போயிருமோன்னு சில பேருக்குப் பயம். இன்னுஞ் சில பேரு, இம்புட்டுத் தெரியுதுல்ல, போதும்னுட்டாக. ஆசுபத்திரி என்ன செஞ்சுச்சு? பஸ்ஸை அனுப்புச்சு. சோத்தைப் போட்டுச்சு. ஒரே பக்கத்து ஆளுகளைக் கூட்டமா ஏத்திக்கிட்டுப் போயி, கூட்டமாவே கொண்டாந்து விட்டுச்சு. கேட்டதும் கையோட காரியம் ஆச்சு. இதுக்கு எந்த ஏ.ஐ. அரைச்சுச்சு?

அந்தத் தாள்லயே இன்னொண்ணு. கருவிழிப் புண்ணு. மதுரை ஜில்லாவுல வருசத்துக்கு லட்சத்துல 113 பேருக்கு வருதுன்னு கணக்கெடுத்தாக. அமெரிக்காவுல ஒரு ஜில்லாக் கணக்கோட வச்சுப் பாத்தா பத்து மடங்கு. 1994-ல மூணே மாசத்துல மதுரை ஆசுபத்திரிக்கு வந்த 434 பேரை விசாரிச்சா, நூத்துக்கு அறுபத்தஞ்சு பேருக்குக் கண்ணுல ஏதோ பட்டிருக்கு. நெல்லுச் சொணை, சோளத்தட்டை, மாட்டு வாலுன்னு காட்டுல படுறதுதான் நமக்குத் தெரியுமே. பூஞ்சைக்காளான் பூந்துக்குது. இவுக என்ன செய்வாக? தாய்ப்பாலை ஊத்துவாக, வெளக்கெண்ணெயை ஊத்துவாக, மருந்துக்கடையில எதையாச்சும் வாங்கி விட்டுக்குவாக. கண்ணு வெளுத்தப்புறம் பஸ் ஏறுவாக.

இதுக்கு நேட்டமைசின்னு ஒரு பழைய சொட்டு மருந்து. அமெரிக்காவுல 1978-லயே அனுமதி வாங்குனது. நடுவுல வோரிகோனசோல்னு புதுசு வந்துச்சு. புதுசுன்னா நம்மாளுக விடுவாகளா? ஆனா எது ஒசத்தின்னு வாயால சண்டை போடாம, 323 நோயாளிகளை வச்சு நம்ம அரவிந்த் ஆசுபத்திரிகள்லயே சோதிச்சுப் பாத்தாக. 2013-ல முடிவு வந்துச்சு. பழைய மருந்துதான் ஜெயிச்சுச்சு, அதுவும் ஃபுசேரியம்ங்கிற காளானுக்கு நல்லாவே ஜெயிச்சுச்சு. அமெரிக்காக்காரனும் சேந்துதான் செஞ்சான். அவனுக்கும் நம்ம காட்டுக் கண்ணுதான் பாடம் சொல்லிச்சு.

அம்புட்டு ஒசந்த மருந்து மேலத்தெருச் சின்னாத்தா கையில என்ன ஆச்சுன்னு நான் பாத்தேன் பேராண்டி. மக்காச்சோளத் தோகை கிழிச்ச கண்ணு. மணிக்கு ஒரு சொட்டு விடச் சொன்னாக. மருமக நூறு நாள் வேலைக்குப் போயிருச்சு. கெழவிக்கு ஒரு கண்ணு மூடிக் கெடக்கு, இன்னொண்ணுல புரை. யாரு விடுவா மணிக்கு ஒரு சொட்டு? தானே அண்ணாந்து பாத்து விட்டுக்கிச்சு. கன்னத்துல ஓடுனதுதான் பாதி. அது பால் மாதிரி மருந்து. மாவு அடியில தங்கிரும், குலுக்கித்தான் விடணும். கெழவி குலுக்கவே இல்ல, மேல நின்ன தண்ணியைத்தான் விட்டுக்கிட்டிருந்திருக்கு. வீட்டுக்கு வந்த நர்ஸம்மா புட்டியை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "ஐயய்யோ, மருந்து பூராம் அடியிலல்ல கெடக்கு!"ன்னுச்சு. குலுக்கி விட்ட பெறகு கண்ணோரத்துல வெள்ளையா அப்பி நின்னுச்சா, அதைச் சீழுன்னு நெனைச்சு முந்தானையால தொடைச்சு எடுத்துருச்சு. இது எந்தக் கேஓஎல்லுக்குத் தெரியும்? மகாபலிபுரத்து மேடையில யாரு சொன்னாக?

நோயாளி வீட்டுக்குள்ள நீ நொழையப்படாதுன்னு ஒங்க விதி. இருக்கட்டும், நல்ல விதிதான். நர்ஸம்மா கிட்டக் கேக்கலாம்ல? மருந்துக்கடைக்காரரு கிட்டக் கேக்கலாம்ல? விருதுநகர்ல மெடிக்கல் காலேஜே 2022-ல வந்துருச்சு. அங்க கோட்டுப் போட்ட பெரியவரைப் பாத்துட்டுத் திரும்பி வர்றப்ப, சின்ன டாக்டருக டீ குடிக்கிற எடத்துல ஒரு நிமிசம் நிக்கலாம்ல? நின்னா கௌரவம் கொறையுமோ?

காமராசர் கதை ஒனக்குத் தெரியும். நம்ம ஊருக்காரரு. சேரன்மாதேவிப் பக்கம் மாடு மேய்ச்ச பையங்கிட்டப் பள்ளிக்கூடம் போகலையான்னு கேட்டாராம். போனாச் சோறு கெடைக்குமான்னு அவன் திருப்பிக் கேட்டானாம். சொல்லுவாக. 1956-ல எட்டயபுரத்துல மதியச் சோறு பொங்கிட்டாக. ஒங்க கம்பெனியா இருந்தா? பையன் கேஓஎல் பட்டியல்ல இருக்கானான்னு மொதல்ல பாப்பீக. இல்லைன்னா சேதி தள்ளுபடி. தப்பித் தவறி உள்ள போயிட்டா, "தென்மாவட்டச் சிறுவர் ஒருவர் கல்வி தொடர்பாக உணவு குறித்த எதிர்பார்ப்பை வெளிப்படுத்தினார்"னு ஏத்தி, அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளி வைப்பீக. அதுக்குள்ள பையன் பேரன் பேத்தி எடுத்திருப்பான்.

ஒரு சேதி வெளையாட்டில்ல, கேட்டுக்க. மருந்து சாப்புட்டு ஒருத்தருக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சுன்னோ காமாலை வந்துச்சுன்னோ டாக்டரு பேச்சுவாக்குல சொன்னாகன்னு வையி. அதை இன்சைட்டுன்னு கட்டத்துல போட்டு ஊறப் போடாத. அன்னைக்கே மருந்துப் பாதுகாப்பு பாக்குற ஆளுகளுக்குப் போகணும். 2010-லேயே அதுக்குன்னு தேசத் திட்டம் வச்சாச்சு. 1800-180-3024-னு காசில்லாத போனும் இருக்கு. அப்புறம், கேக்குற மாதிரி பேசி விக்கிற வேலையும் வேண்டாம். "இந்த மருந்தை அந்த நோவுக்கும் குடுக்கலாம்னு நெனைக்கிறீகளா டாக்டர்?"னு இழுக்குறியே, அது கேள்வியா? எங்க மண்டியில அதுக்கு வேற பேரு. பொம்பளைக இருக்காக, சொல்ல வேண்டாம்.

மேலிடத்துல ஒன் பேச்சு எடுபடாதுன்னு சலிச்சுக்கிட்ட. வாஸ்தவந்தான், நீ சின்ன ஆளு. எண்ணிக்கை கேட்டா நாலைக் குடு. நாலும் ஏன் எதுக்குன்னு கேட்டு வந்ததா இருக்கட்டும். யாரு சொன்னா, எந்த ஊருல சொன்னா, எதைப் பாத்துட்டுச் சொன்னா, அதுக்குக் கம்பெனி என்ன செய்யலாம்னு எழுது. சாத்தூர்ல நர்ஸம்மா சொன்னதையே திருச்சுழியில மருந்துக்கடைக்காரரும் சொன்னா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வையி. ஒத்தை ஆளு பேச்சை வச்சுக்கிட்டுத் தமிழ்நாடே இப்படித்தான்னு கெளம்பிராத. அதுவும் நீ செய்யக்கூடிய ஆளுதான்.

டாக்டருக சொன்னதை வச்சு என்ன செஞ்சீகன்னு அவுக கிட்டத் திரும்பப் போய்ச் சொல்லுவீகளோ? நான் கேள்விப்பட்ட வரைக்கும் இல்ல. நம்ம டாக்டரம்மா சொல்லிச் சிரிக்கிறாக. வருசா வருசம் ஒரு தம்பி வந்து கேட்டுக்கிட்டுப் போகுதாம், அடுத்த வருசம் வேற தம்பி வந்து அதே கேள்வியைக் கேக்குதாம். சின்னாத்தாவைப் பாத்ததும் அந்தம்மாதான். ஒங்க புட்டி மேல "குலுக்கி விடவும்"னு தமிழ்ல பெரிய எழுத்துல போடக்கூடாதான்னு போன சித்திரையில ஒங்கிட்டயே கேட்டாகளாமே? "பேக்கேஜிங் தொடர்பான கருத்து"ன்னு ஏத்திட்டுக் காரு ஏறிட்டியாம்.

அது என்ன ஆச்சுன்னு ஆபீசுல கேளு. முடியும்னா முடியும்னு சொல்லட்டும், முடியாதுன்னா ஏன்னு சொல்லட்டும். எதுவா இருந்தாலும் அந்தம்மாவுக்கு நீயே போனைப் போட்டுச் சொல்லிரு. ஒம்பது மணிக்குள்ள போடு, பெறகு ஓ.பி. கூட்டம் வந்துரும்.