புருனோ அப்பா

வங்கியில் வேலை பார்த்த வரை அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஆதார் அட்டையில் இன்னும் இருக்கிறது. தெருவில் மட்டும் அது செல்லாது. நாய் வளர்ப்பவர்கள் வட்டாரத்தில் மனிதர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. லூசி அம்மா, ராக்கி தாத்தா, ஹஸ்கி பையன் என்றுதான் வழக்கம். அந்த வழக்கப்படி இவர் புருனோ அப்பா. பெங்களூரிலிருந்து எப்போதாவது வரும் அவருடைய மகனை, புது வாட்ச்மேனுக்குப் பழைய வாட்ச்மேன் "புருனோவோட அண்ணன்" என்றுதான் அறிமுகம் செய்துவைத்தார்.

அண்ணா நகரோ மடிப்பாக்கமோ, சென்னையில் எந்தப் பேட்டையிலும் விடிகாலையில் இப்படி ஒருவர் தென்படுவார். முழங்கால் வரை அரை டிராயர், ஏதோ மாரத்தானில் கொடுத்த பனியன். ஒரு கையில் பிரம்பு. தெருநாய்களை மிரட்டுவதற்காக வாங்கியது, ஓங்கியதில்லை. இன்னொரு கையில் லீஷ். அதன் மறுமுனையில் புருனோ என்கிற லாப்ரடார். நன்றாக வளர்ந்த ஆண் லாப்ரடார் 30 முதல் 36 கிலோ வரை இருக்கும். புருனோ 43.

பணி ஓய்வுக்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட உத்தியோகம், இலவச ஆலோசனை. யாரும் வந்து கேட்க வேண்டியதில்லை. எதிரே குட்டியோடு ஒருவர் வந்தால் போதும், "எத்தனை மாசம்?" என்று ஆரம்பித்துவிடுவார். மூன்று மாதம் என்றால் "இப்பவே அடக்கணும்", ஒரு வருடம் என்றால் "இனிமே அடக்க முடியாது". நடுவில் இருப்பவர்களுக்குத்தான் முழு வகுப்பு.

வகுப்பின் முதல் பாடம் எப்போதும் ஓநாய். "ஓநாய்க் கூட்டத்துல ஆல்ஃபான்னு ஒண்ணு இருக்கும் தம்பி. அது சொன்னாத்தான் மத்ததெல்லாம் சாப்பிடும், படுக்கும். வீட்ல நீங்கதான் ஆல்ஃபா. அது நாய்க்குப் புரியணும்." இது அவர் சொந்தச் சரக்கு இல்லை. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய கதை. அதை உலகமெல்லாம் கொண்டுபோனது, அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் வெளியிட்ட புத்தகம். அதே மெக் பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்குப் போய், சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களைக் கோடைதோறும் கவனித்தார். அங்கே கூட்டம் என்று எதுவும் தனியாக இல்லை; அப்பா, அம்மா, அவர்கள் பெற்ற பிள்ளைகள், அவ்வளவுதான். அடித்துப் பிடித்துப் பதவிக்கு வந்த தலைவன் யாரும் இல்லை. 1999-இல் கட்டுரை எழுதித் தன் பழைய கருத்தைத் தானே மறுத்தார். அந்தப் புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடமும் மன்றாடினார். தகவல் இன்னும் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை.

ஆகவே புருனோ அப்பா தினமும் ஆல்ஃபாவாக இருக்கிறார். புருனோவின் தட்டை வைக்குமுன் அவன் கண்ணெதிரே தான் முதலில் இரண்டு மேரி பிஸ்கட் தின்கிறார். சர்க்கரை வியாதிக்காரர் இப்படித் தின்னலாமா என்று மனைவி கேட்டால், "இது சாப்பாடு இல்ல, டிரெயினிங்" என்கிறார். வாசலைத் தாண்டும்போதும் தலைவர்தான் முதலில் தாண்ட வேண்டும் என்பது விதி. புருனோ விதியை மதித்துக் காத்திருக்கிறான். தலைவர் இரண்டாவது படியில் கால் வைத்ததும் 43 கிலோவும் அவரைக் கடந்து போகிறது. அதற்குப் பிறகு டீக்கடை வரை தலைவர் கால் தரையில் பாவுவதில்லை. டீக்கடைக்காரர் ஒரு பன்னைப் பிய்த்துப் போடுகிறார். இழுத்தால் பன் கிடைக்கும் என்பதை புருனோ குட்டியாக இருந்தபோதே கற்றுக்கொண்டுவிட்டான். லீஷ் இறுகினால் நின்றுவிட வேண்டும், தளர்ந்தால் மட்டும் நடக்க வேண்டும், வேறு வித்தை எதுவும் வேண்டாம் என்பார்கள் நாய் பழக்குகிறவர்கள். புருனோ அப்பாவும் அதைப் பிறருக்குச் சொல்வதுண்டு, இழுபட்டுக்கொண்டே.

இரண்டாவது பாடம் கட்டளை. பெண்டாட்டி பிள்ளையிடம் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசாதவரும் நாயிடம் மட்டும் இங்கிலீஷில்தான் பேசுவார். இவர் "டவுன்" என்றால் படுக்க வேண்டும். மருமகள் "டவுன்" என்றால் சோபாவிலிருந்து இறங்க வேண்டும். அவர் மனைவிக்கு இரண்டுமே "கீழடா". மாமியார் "கோ, கோ" என்று தொடங்கி "அந்தண்ட போயேண்டா" என்று முடிப்பார். நான்கு பேரும் ஒரே சமயத்தில் கத்தும்போது புருனோ மின்விசிறியைப் பார்க்கிறான். ஒரு செயலுக்கு வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்ல வேண்டும் என்பது பழக்குவதில் பால பாடம். தமிழில் சொன்னாலும் நாய்க்கு ஆட்சேபணை கிடையாது.

தெருவில் யாராவது சந்தேகப்பட்டால் செய்முறை விளக்கமும் உண்டு. "சிட்!" என்பார். புருனோ உடனே உட்காருவான், அதில் குறையே சொல்ல முடியாது. "பாத்தீங்களா? பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். ரஷ்யாவுல பாவ்லோவ்னு ஒருத்தர், இதுக்குத்தான் நோபல் பரிசு வாங்கினார்..." என்று பேசிக்கொண்டே பாக்கெட்டில் பிஸ்கட்டைத் தேடுவார். பாக்கெட்டில் சாவி வரும், செல்போன் வரும். (பாவ்லோவ் 1904-இல் நோபல் வாங்கியது ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு.) பிஸ்கட் வெளியே வரும்போது புருனோ எழுந்து, முன்னங்கால் இரண்டையும் எதிரே நிற்பவரின் இஸ்திரி போட்ட சட்டையில் பதித்திருப்பான். பிஸ்கட் அப்போதுதான் அவன் வாய்க்குப் போகும். சரியாகச் செய்த நொடியிலேயே பரிசு வர வேண்டும். தாமதித்தால், கடைசியாக என்ன செய்ததோ அதற்குத்தான் பரிசு என்று நாய் எடுத்துக்கொள்ளும். அந்தத் தெருவில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் எதிர்ச்சாரியில் நடப்பதற்கு இதுவே காரணம்.

நாட்டு நாய் என்றால் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். "ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி... இதெல்லாம் விட்டுட்டு சைபீரியா நாயை வாங்கி ஏசியில போட்டிருக்கானுங்க." 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்கு வெளியிட்ட நான்கு தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று, அதை ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அதற்கு நேர் கீழே லாப்ரடார் படுத்திருக்கும். ஹஸ்கிப் பையனுக்கு அவர் சொன்ன யோசனை, வெயில் காலத்தில் நாய்க்கு மொட்டை அடித்துவிடு என்பது. நல்ல வேளையாக அவன் மருத்துவரைக் கேட்டான். அந்த இரட்டை ரோமம் குளிரை மட்டுமல்ல, வெயிலையும் தடுக்கும். வாரிவிடலாம், மழிக்கக் கூடாது என்றார் அவர்.

சாப்பாட்டு விஷயத்தில் அவர் தயிர் சாதக் கட்சி. இதில் விஞ்ஞானம் ஓரளவு அவர் பக்கம் நிற்கிறது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு கூடுதல் என்று 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதனோடு சேர்ந்து சோறு தின்ன உடம்பே மாறியிருக்கிறது. ஆனால் அதற்காகத் தயிர் சாதம் மட்டும் போட்டால் புரதத்துக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகும் சின்ன வெங்காய சாம்பாரும் பாயசமும் அதைவிட வம்பு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் விஷம் என்பது இப்போது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். திராட்சையைச் சொன்னால் பெரியவர்கள் நம்புவதில்லை. "பழம்தானே சார்!"

மருத்துவத்தில் அவர் இறங்கும்போதுதான் சிரிப்பு குறைகிறது. மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல், புல் தின்றால் வயிற்றில் பூச்சி, உண்ணிக்கு வேப்பெண்ணெய், சோர்வுக்கு அரை மாத்திரை பாராசிட்டமால். போன மழைக்காலத்தில் புருனோ தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதல் நாள் "வெயிட் குறைக்கறான்" என்றார். இரண்டாம் நாள் மாத்திரை. மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தது. ஆட்டோ பிடித்தார்கள்.

கிளினிக் வரவேற்பறையில் பிளாஸ்டிக் கூடைக்குள் ஒரு பாரசீகப் பூனை, துண்டு சுற்றிய பொமரேனியன், ஒரு பக். 2003-இல் வந்த செல்போன் விளம்பரம் ஒன்று ஊரெங்கும் பரப்பிய இனம் அது. மூக்கு சப்பை என்பதால் மூச்சிரைத்து உடம்புச் சூட்டைத் தணிக்க முடியாமல் சென்னைக் கோடையில் தவிக்கும். அந்தப் பதற்றத்திலும் புருனோ அப்பா பொமரேனியன் வீட்டம்மாவிடம், "வாந்தியா? மோர் குடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்.

"எப்பலேர்ந்து சாப்பிடல?" என்றார் மருத்துவர்.

"நேத்து லேசா..."

"மேடம் சொல்லட்டும் சார்."

"மூணு நாளாச்சு டாக்டர். இவர் பாதி பாராசிட்டமால் வேற குடுத்தார்."

எஃகு மேஜை மேல் புருனோ நடுங்கிக்கொண்டிருந்தான். மருத்துவர் அவன் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். இங்கே ஈறு முன்னாலேயே வெளுத்திருந்தது. பின்பக்கம் வைத்த வெப்பமானி 104 காட்டியது. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை இயல்பு; ஈர மூக்கையும் காய்ந்த மூக்கையும் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. காதை மடித்துப் பார்த்தால் மடிப்புக்குள் நான்கு உண்ணிகள். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் ரத்தம் போயிற்று. இரண்டு லட்சமாவது இருக்க வேண்டிய பிளேட்லெட், நாற்பதாயிரத்தில் நின்றது. எர்லிக்கியா கிருமியால் வரும் டிக் ஃபீவர். டாக்சிசைக்ளின், சாப்பாட்டுக்குப் பிறகு, நான்கு வாரம்.

"மூணாம் நாளே துள்ளுவான், அதுக்காக நிறுத்திடாதீங்க. இனிமே வீட்டு மாத்திரை எதுவும் கூடாது. பாராசிட்டமால் நாய்க்கு ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரே மாத்திரைல உயிர் போயிடும். உண்ணி நாய் மேல முட்டை போடாது. சுவர் விரிசல்ல, கட்டில் இடுக்குல ஆயிரக்கணக்குல போடும். நாய்க்கு மருந்து போட்ட கையோட வீட்டையும் பாக்கணும்."

புருனோ அப்பா குறுக்கே பேசவே இல்லை. அவர் மனைவிக்கு அதுதான் அன்றைய பெரிய அதிர்ச்சி.

ஐந்தாம் நாள் காலையில் தெருவில் அவர் குரல் மறுபடியும் கேட்டது. "டாக்டர் என்னென்னமோ பாத்துட்டிருந்தார். நான்தான் மொதல்ல பிளேட்லெட் பாருங்கன்னேன். வீட்ல சுவர் விரிசல் இருக்கா உங்களுக்கு? அங்கதான் இருக்கு விஷயம்." அந்த வாரம் தெருவில் ஆறு வீட்டுக்கு வெள்ளைச் சிமென்ட் பூசினார்கள்.

மருத்துவர் கெட்டிக்காரர். கிளினிக் வாசலில் தடுப்பூசி அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார். யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. புருனோ அப்பாவிடம் செவ்வாய்க்கிழமை சொன்னது சனிக்கிழமைக்குள் கிளினிக்குக்கே திரும்பி வருவதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து, "சார், உங்களுக்கு மட்டும் சொல்றேன்" என்று தொடங்க ஆரம்பித்தார். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. பிறகு நான்கு மாதம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. அது முடியும்வரை தெரு மண்ணில் இறக்காதீர்கள், பார்வோ கிருமி மாதக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, மறந்துவிடாமல் பூஸ்டர். இப்படி ஒவ்வொன்றாக அவர் வாய்க்கு வந்தன. ஒவ்வொன்றும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பாகவே வெளியே போயிற்று.

ஒருநாள் இஸ்திரிக்காரர் மகனைத் தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. ஒருவர் மஞ்சள் என்றார், இன்னொருவர் சுண்ணாம்பு, மூன்றாமவர் காபித்தூள் டப்பாவோடு ஓடிவந்தார். புருனோ அப்பா பிரம்பை முதன்முதலாக ஓங்கியது அன்றுதான், காபித்தூள்காரர் மேல். பையனைக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்புப் போட்டுக் கழுவவைத்து, செல்போனில் 15 நிமிடம் டைமர் வைத்தார். "தொப்புளைச் சுத்தி ஊசி போடுவாங்களா அங்கிள்?" என்று பையன் அழுதான். "அதெல்லாம் எங்க காலம்டா. இப்ப கையிலதான்" என்று அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28-ஆம் நாள் என்று அடுத்த ஊசிகளுக்கு விடிகாலையிலேயே இஸ்திரி வண்டி முன்னால் போய் நின்றார். கடைசி ஊசி முடிந்த பிறகுதான் இஸ்திரிக்காரர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

இப்போது தீபாவளி நெருங்குகிறது. "உங்களுக்கு மட்டும் சொல்றேன் சார்" வந்துவிட்டது: வெடிச் சத்தத்துக்கு நடுங்குகிற நாயை உள்ளறையில் ஜன்னல் சாத்தி, டிவி ஓடவிட்டு வையுங்கள், பிராந்தி ஊற்றாதீர்கள், மாத்திரை வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னாலேயே வந்து கேளுங்கள்.

மறுநாள் காலையிலேயே ஹஸ்கிப் பையனை மடக்கினார். "தம்பி, தீபாவளிக்கு என்ன பண்ணப் போற? நான் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன்."

"நேத்து கிளினிக்ல கேட்டேன் அங்கிள். புருனோ அப்பா சொல்ற மாதிரி செய்ங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

புருனோ அப்பா ஒரு விநாடிதான் யோசித்தார். "பின்னே? அவருக்கு யார் சொன்னதுன்னு நெனைக்கற?"