பொருள்: கழிவுநீரைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டுதல்

பெறுநர்: உயர்திரு பொறியாளர் அவர்கள், பாதாளச் சாக்கடைப் பிரிவு.

பார்வை: 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று, நான் குளியலறையில் வாளியால் அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் தாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி.

ஐயா,

மேற்படி செய்தி கண்டு மகிழ்ந்தேன். குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் ஜாலியருகே நின்று அதை ஒருமுறை சத்தமாகவும் படித்தேன். உள்ளிருந்து 'குபுக்' என்றுதான் பதில் வந்தது. ஆகவே புகார் தீர்ந்த விவரம் கழிவுநீருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் குடியிருப்பவன். மேலே எந்த வீட்டில் இன்று மீன் குழம்பு, யார் தலைக்குக் குளித்தார்கள், எந்தக் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிடும். அடுக்ககத்தில் அண்டை அயல் தெரியாமல் வாழ்கிறோமே என்று குறைப்படுபவர்கள் யாராவது இருந்தால் என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். தெருவில் மேன்ஹோல் மூடியைக் காலால் தட்டினார். காய்ந்திருந்தது. "ரோட்டுல ஒண்ணும் பொங்கல சார். பிரச்சினை உங்க வீட்டுக்குள்ளதான். பிளம்பர வெச்சுப் பாத்துக்குங்க" என்றார். காய்ந்த மூடியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். என் புகாரைத் தீர்த்துவைத்தது அந்தப் படம்தான் என்பது பிற்பாடு விளங்கியது.

பிளம்பரை வைத்தும் பார்த்தாயிற்று. அவர் வீட்டு லைன் முழுக்கக் கம்பி விட்டார், அடைப்பே இல்லை. மாடி வீடுகளுக்குப் போகும் தண்ணீரை நிறுத்திவிட்டு சேம்பரைத் திறந்தார். மட்டம் அப்போதும் ஏறிக்கொண்டிருந்தது. மேலிருந்து சொட்டுகூட வராதபோது ஏறுகிறதென்றால் தெருவிலிருந்துதான் வருகிறது என்றார். பொறியியல் படிக்காதவர், அவசரப்பட்டு உண்மையைச் சொல்லிவிட்டார்.

இந்த வீடு கட்டிய காலத்தில் தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே வருவோம். பழைய தாரின் தலையிலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டி, இப்போது இரண்டு படி இறங்கி வருகிறோம். சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. எங்கள் தெருவுக்குத்தான் அதற்கு வழி தெரியவில்லை. சாலை உயர உயர, தாங்களும் மேன்ஹோலின் கழுத்தில் செங்கல் அடுக்கி மூடியை மேலே ஏற்றினீர்கள். என் குளியலறையை யாரும் ஏற்றவில்லை.

இணைந்த பாத்திரங்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பது பள்ளிப் பாடம். தெரு லைன் நிரம்பினால் கழிவுநீர் இருப்பதிலேயே தாழ்ந்த வாயைத் தேடி வரும். அந்த வாய் தங்கள் மூடி அல்ல, என் ஜாலி. தெரு காய்ந்திருப்பதே என் வீடு நனைந்திருப்பதால்தான் ஐயா. தங்கள் மூடியில் பொங்க வேண்டியதை வீட்டுக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறேன். இதற்குக் கூலி கேட்கவில்லை. என்னிடம் சாக்கடை வரி வாங்குவதையாவது நிறுத்தலாமே?

தெருவாசிகள் எல்லோரும் யோக்கியர்கள் என்று வாதாட வரவில்லை. மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடையில் திருப்பிவிட்டவர்கள் உண்டு. பரோட்டாக் கடை எண்ணெய் எங்கே போகிறது என்பதும் ஊரறிந்தது. ஆனால் அவர்களைக் கண்டுபிடிக்கத் தங்களுக்கு அதிகாரம் இருக்கிறது, எனக்கு வாளிதான் இருக்கிறது.

ஒருவழி வால்வு மாட்டச் சொன்னார்கள், மாட்டினேன். தெருவின் கழிவு உள்ளே வருவது நின்றது. வால்வு மூடிக்கொண்டதால் மாடிக்காரர்களின் கழிவு வெளியே போவதும் நின்றது; எல்லாம் என் ஜாலி வழியே வந்தது. ஊர்க் கழிவு போய் உறவுக் கழிவு வந்ததில் ஒரு நெருக்கம் இருக்கத்தான் செய்கிறது.

இனி சொல்வதைச் சிரிக்காமல் படியுங்கள். தங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர் கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "லோக்கல்ல ஒரு ஆளு இருக்கான். காசு குடுத்தா இறங்கிடுவான்" என்றார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ இறக்கினால், முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம் அல்லது இரண்டும். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இறங்கியவர் ஆபத்து விலகியது என்று நினைத்துக்கொள்வார். இப்படிச் சாகிறவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. நேரடியாகச் செய்வதில்லை என்ற தங்கள் நேர்மை பாராட்டுக்குரியது. மறைமுகத்தை மட்டும் என் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள். 'காய்ந்த மூடி' படத்துக்கும் அந்தத் தாழ்ந்த குரலுக்கும் நடுவில் ஒரு மனிதர் செத்தால், கோப்பில் இருக்கப்போவது என் பெயர்.

மனிதருக்குப் பதிலாகச் சாக்கடையில் இறங்க, கேரளத்து இளைஞர்கள் செய்த பேண்டிகூட் ரோபோ 2018இலேயே திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்துவிட்டது. நான் ரோபோ கேட்கவில்லை. தங்கள் வளாகத்தில் நிற்கும், நீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் வண்டியைத்தான் கேட்கிறேன். அதன் சக்கரத்தடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தால், குஞ்சு பொரிக்கும்வரை பொறுக்கத் தயார்.

ஆனால் ஒரு சிக்கல். வரும் ஞாயிறு மூன்றாம் மாடியில் சீமந்தம். வடை பாயசத்தோடு நூறு இலை. சனிக்கிழமைக்குள் வண்டி வராவிட்டால் தாங்களும் குடும்பத்தோடு அவசியம் விருந்துக்கு வர வேண்டும். தங்களுக்கு மட்டும் தரைத்தளத்தில், என் குளியலறையை ஒட்டிய அறையில் இலை போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள தரைத்தளவாசி