படம்தானே சார், சும்மா போட்டுக் கொடுங்க!

சிறுவர் புத்தகம் போட்டுத் தொண்டாற்றத் துடிக்கும் பதிப்பாளப் பெருமக்களே, ஓவியர் என்னும் தொல்லையைச் சமாளிக்கச் சில வழிகள் சொல்கிறேன். பெரும்பாலானவை உங்களுக்கு அத்துப்படி. விட்டுப்போனது ஒன்றிரண்டு இருக்கலாம்.

முதலில் கூலி. காகிதக் கடைக்காரர் காசு பார்க்காமல் லோடு இறக்கமாட்டார். முன்பணம் கட்டாமல் அச்சகத்தில் மெஷின் ஓடாது. பாக்கி வைத்தால் பைண்டிங்காரர் புத்தகத்தை வெளியே விடமாட்டார். மிச்சம் யார்? ஓவியர். "குழந்தைங்களுக்காகப் பண்றோம் சார், லாபம் பாக்கல" என்று ஒரு போடு போடுங்கள், மனிதர் உருகிவிடுவார். "உங்களுக்கும் நல்ல விளம்பரம்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த விளம்பரத்தில் அவர் பெயர் இருக்காது என்பதை இப்போதே சொல்லித் தொலைக்க வேண்டாம்.

அடுத்து வேலை. "அம்முவும் ஆடும் சந்தைக்குப் போனார்கள்" என்று எழுத்தாளர் ஒரு வரியில் முடித்துவிடுவார். எந்தச் சந்தை, என்ன காய், மழையா வெயிலா, ஆட்டுக்குக் கொம்பு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் ஓவியர் தலையில். மூன்றாம் பக்கத்தில் அம்முவின் பாவாடையில் இருந்த ஒட்டு முப்பதாம் பக்கத்திலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். தவறினால் ஐந்து வயது வாசகர் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார். முகம் நடுமடிப்பில் விழுந்து மூக்கு காணாமல் போகக் கூடாது. கதை வரிகளுக்கு வானத்தில் இடம் விட வேண்டும். 32 பக்கமும் வண்ணம் தீட்டி அனுப்பிய பிறகு போன் போடுங்கள்: "சின்ன கரெக்‌ஷன் சார். ஆட்டை யானையா மாத்திட்டா நல்லா இருக்கும்னு மச்சான் சொல்றாரு." அதற்குத் தனியாகக் காசு கேட்டால், "என்ன சார், நீங்களுமா?" என்று மனம் நோகுங்கள்.

பெயர் விஷயத்தில் தாராளமாக இருங்கள். எழுத்தாளர், அச்சகம், அணிந்துரை வழங்கிய ஓய்வுபெற்ற அதிகாரி என எல்லோருக்கும் இடம் உண்டு. ஓவியர் கேட்டால், "அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்." அடுத்த பதிப்பு வந்ததே அவருக்குத் தெரியாது.

இப்போது ஏஐ வந்துவிட்டது. மச்சானே நாலு வரி தட்டிப் படம் எடுத்துவிடுவார். அம்முவுக்குப் பக்கத்துக்குப் பக்கம் வேறு முகம், தஞ்சாவூர்த் தாத்தாவுக்கு ராஜஸ்தான் தலைப்பாகை. குழந்தைகளுக்குத்தானே, போதாதா? அந்த மெஷின் தொழில் பழகியதே ஓவியர்கள் வரைந்ததை அவர்களைக் கேட்காமல் அள்ளித்தான்.

மரியாதை? அதற்கு அவசரமில்லை. 'அம்புலிமாமா' சிறுவர் இதழில் வேதாளத்தைத் தோளில் போட்டு, வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்தவர் கே.சி. சிவசங்கர். தலைமுறைகள் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தன. 2020 செப்டம்பரில் காலமானார். 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆள் போய்விட்டதை உறுதி செய்துகொண்ட பிறகு தருவதில் நமக்கு இணை நாமே!

கேலி போதும். சென்னையின் தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' நூலின் அட்டையில் மூன்று கோண்டு பழங்குடி ஓவியர்களின் பெயர்களும் இருக்கின்றன. அதனால் யாருடைய கடையும் மூடப்படவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது: உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், 'இது என் படைப்பு' என்று கோரும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது. பெயரை விழுங்குவது மறதியல்ல, திருட்டு.

பெற்றோரே, புத்தகக் கண்காட்சியில் பிள்ளைக்குப் புத்தகம் எடுத்தால் ஓவியர் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால், "இதை வரைஞ்சது யாரு?" என்று கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் நாலு பேர் காதில் விழக் கேளுங்கள். பதில் வராத புத்தகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.