சட்டையில் என்ன போடுவது?

எங்கள் காரைக்குடி இளையராஜா ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில், ‘ஞாயிற்றுக்கிழமை கேட்க நல்ல ஆல்பம் சொல்லுங்கப்பா’ என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். ஐந்து பேர் ஒரே குரலில் ‘ஹௌ டு நேம் இட்’, 1986 என்பார்கள். ‘அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே’ என்று உதட்டைப் பிதுக்கும் ஆசாமி, சௌராசியா குழல் வாசித்த ‘நத்திங் பட் விண்ட்’டை எடுத்துவிடுவார். ‘திருவாசகம்’ என்பவர் கூடவே கைகூப்பும் பொம்மையும் போடுவார். கேட்டவர் கடைசியில் எதைக் கேட்டார் என்று யாரும் விசாரிப்பதில்லை. ஒருவர் ரகுமான் பெயரை எடுத்தார். இப்போது குழுவில் இல்லை.

குழுவுக்கென்று டீ-ஷர்ட் அடிக்கும் விவகாரம் இன்னும் மோசம். கறுப்பு, நம்மூர் வெயிலுக்கு ஆகாது. வெள்ளையில் ராஜாவின் வெள்ளை உடுப்பு தெரியாது. இதிலேயே ஒரு மாதம் ஓடிற்று.

‘ஊர்ப் பெருமையும் வரணும்’ என்றார் ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தை இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் எடுத்த ஏவி. மெய்யப்பன், அதற்கு முன் இசைத்தட்டு விற்றவராயிற்றே. ஆகவே இசைத்தட்டுப் படம். வரைந்து அனுப்பினார்.

‘அண்ணே, தோசைக்கல் நல்லாருக்கு.’

விடவில்லை அவர். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர். அந்தப் படத்தைப் போட்டார்.

அச்சகத்துத் தம்பி நேராக்கி, படுக்கவைத்து, நூறு சட்டை அடித்துவிட்டான்.